எரியாத வீடு

பஃபலோவில் அன்று காலை பாரன்ஹீட் நான்கு.
ஏரிக்காற்று ஜன்னல் இடுக்கில் விசிலடித்தது.
அடித்தளத்து உலை இரண்டு முறை இருமியது,
மூன்றாவது முறை
பேசாமல் இருந்துவிட்டது.

போன் செய்தேன்.
வந்து பார்க்க மட்டும்
நூற்று இருபத்தொன்பது டாலர் என்றாள் ஒருத்தி.
பார்ப்பதற்கு!
முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான்.
கண்ணாடியில் பார்த்ததற்கெல்லாம் காசு வாங்கியிருந்தால்
இந்நேரம் ஃப்ளோரிடாவில் இருந்திருப்பேன்.

வந்த பையன் பெயர் ட்ரெவின்.
காலணிமேல் நீல உறை மாட்டிக்கொண்டான்,
மரியாதை தெரிந்தவன்.
படியிறங்கி ஒரு திருகாணியைக் கழற்றி
பென்சில் நீளத்தில் ஒரு கம்பியை உருவினான்.
தீச்சுடர் இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கிற கம்பியாம்.
அது கெட்டுப்போனால்
தீ எரியும்போதே எரியவில்லை என்று சாதிக்குமாம்,
எரிவாயுவை மூடிவிடுமாம்.
தெரியும் தம்பி.
அப்படியொரு மனுஷனோடு
பத்தொன்பது வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன்.

விலையை அவன் வாயால் சொல்லவில்லை.
மடியிலிருந்த கண்ணாடிப் பலகையை
என் பக்கம் திருப்பினான்.
வெண்கலம், வெள்ளி, தங்கம்.
எந்தப் பந்தயத்திலும் ஓடாத உலை அது.
வெண்கலம் என்றால் புதுக் கம்பி மட்டும்,
முந்நூற்று எண்பத்தேழு.
வெள்ளி என்றால் கம்பியோடு ஒரு துடைப்பு, ஒரு வருஷ உத்தரவாதம்,
ஐந்நூற்றுச் சொச்சம்.
தங்கம் என்றால் புது உலையே,
பதினோராயிரம், மாதத் தவணை,
இன்று மாலை ஐந்துக்குள் கையெழுத்திட்டால்
எண்ணூறு தள்ளுபடி.

ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு
அந்த எண்ணூறு எங்கே போகும் என்று கேட்டேன்.
சிரித்தான்.
கம்பிக்கு எவ்வளவு, உன் கைக்கு எவ்வளவு?
"பிரித்துச் சொல்ல மாட்டோம், மிஸஸ் வோய்சிக்.
எல்லாம் சேர்த்து ஒரே விலை."
மூலைக்கடையில் காலைச் சாப்பாட்டு பில்லில்கூட
முட்டைக்கு ஒரு வரி, ரொட்டிக்கு ஒரு வரி இருக்கும்.

பிறகு பலகையைப் பார்த்தபடியே கேட்டான்:
"இந்த வீட்டில்
இன்னும் எத்தனை வருஷம் இருப்பதாக உத்தேசம்?"

எனக்கு எழுபத்து மூன்று.
யாரோ கைதவறிப் போட்ட தட்டைப் பார்ப்பதுபோல்
அந்தக் கேள்வியை இருவரும்
பார்த்துக்கொண்டு நின்றோம்.
அவன் காது சிவந்தது.
குளிர் என்று வைத்துக்கொள்ளலாம்.
கேள்வி அவனுடையது இல்லை,
திரையில் எழுதியிருந்தது,
அவன் குரல் மட்டும்தான் வாடகைக்கு.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபமாம்.
என் வீடு எரியவில்லை.
அதற்காகத்தானே இவனைக் கூப்பிட்டேன்.

வெண்கலம் என்றேன்.
எனக்கு மூன்றாம் இடம் போதும்.

ஏழு நிமிடம்.
பேருந்து ஓட்டியவளுக்கு நிமிடம் எண்ணாமல் இருக்க வராது.
குழாய்கள் டிக் டிக்கென்று சோம்பல் முறித்தன.
பழைய கம்பியை அவன் பைக்குள் போடப் போனான்.
"அது என்னுடையது" என்றேன்.
கொடுத்தான்.
சமையலறை இழுப்பறையில்
திறப்பான்களுக்கு நடுவே கிடக்கிறது.
முனையில் கொஞ்சம் வெள்ளைப் படிவு,
நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது.

மறுநாள் ஒரு இயந்திரக் குரல் கூப்பிட்டது.
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்
எங்கள் சேவைக்கு எத்தனை தருவீர்கள்?
நான் எதையும் அழுத்தவில்லை.
உங்கள் பதில் கேட்கவில்லை என்றது.
மறுபடியும் கேட்டது, மறுபடியும்.
போனை மேஜைமேல் மல்லாத்தி வைத்துவிட்டு
முட்டை வேகப் போட்டேன்.
கீழே உலை ஒன்றுமே நடக்காத மாதிரி
எரிந்துகொண்டிருந்தது.
மன்னிக்கவும், என்றது போன்,
உங்கள் பதில்